சேலத்து வாசகர்

தம்பி, ஒரு நிமிஷம் பொறுங்க. பழைய வயரை இன்னும் வெட்டலைல்லா? நல்லவேளை. அந்தக் கட்டிங் பிளேயரைக் கீழ வச்சிருங்க. இப்படி வந்து உக்காருங்க. ஃபேன் போடுதேன்.

புது கனெக்‌ஷன் வேணும்னு உங்க கம்பெனிக்குப் போன் பண்ணினது என் வீட்டம்மா. நான் இல்ல. இருக்கிற லைனே போதும்னு நான் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். அவ கேக்கல. உங்களை வரச் சொல்லிட்டு, கறிவேப்பிலை பறிக்க எதிர்வீட்டுக்குப் போயிருக்கா. அவ வாரதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.

புது லைன் போட்டா, எந்த ஊர்னு காட்டும்?

சிரிக்கீங்க. பாளையங்கோட்டையில போட்டா பாளையங்கோட்டைன்னுதானே காட்டும்னு நினைக்கீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். இத்தனைக்கும் நான் யாரு? டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல இருந்து ரிட்டயர் ஆனவன். ஆறுமுகநயினார்னு கேட்டுப் பாருங்க, பழைய ஆளுக எல்லாருக்கும் தெரியும். ஒரு காலத்துல இந்த ஊர்ல மணி அடிச்ச போன்ல பாதி என் கை பட்டது. அந்த எனக்கே இந்த விஷயம் தெரியாமப் போச்சு. முழுசாச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

என் வீட்டம்மா பேரு வடிவு. நல்லா சமைப்பா. எல்லாரும்தான் சமைக்காங்க, அது பெரிய விஷயம் இல்ல. எங்க மக நாயகி புனேயில கம்ப்யூட்டர் வேலையில இருக்கா. அவ அம்மாவுக்குன்னு ஒரு வெப்சைட் ஆரம்பிச்சுக் குடுத்துட்டா. இவ சொதி, கூட்டாஞ்சோறு, உளுந்தங்களின்னு எழுதி, படம் பிடிச்சுப் போட்டுக்கிட்டே இருந்தா. அது யாரோ ஒரு கம்பெனிக்காரன் கம்ப்யூட்டர்ல இருந்து ஓடிக்கிட்டு இருந்துச்சு. எனக்கு அதுதான் பிடிக்கல. நம்ம வீட்டுச் சொதி எதுக்கு அடுத்தவன் அடுப்புல கொதிக்கணும்? ஊர் லைனையெல்லாம் கட்டி மேய்ச்சவன் நான், ஒரு வெப்சைட்டை வீட்டுல வச்சுக் காப்பாத்த மாட்டேனா?

நாயகிகிட்ட சொன்னேன். "அப்பா, அதுக்கு சர்வர் வேணும், நிறைய வேலை இருக்கு"ன்னா. என்ன பெரிய சர்வர்? அவ காலேஜ்ல படிச்சப்ப வாங்கின கம்ப்யூட்டர் பரண்ல கிடந்துச்சு. இறக்கித் துடைச்சு, அரங்குவீட்டுல, அதான் சாமான் வைக்கிற உள்ரூம்ல, கிரைண்டருக்கு மேல ஒரு பலகை அடிச்சு உக்காத்தி வச்சேன்.

நான்தான் போட்டேன். முழுக்க நான்தான். வடிவு சும்மா பக்கத்துல நின்னு, நாயகி அனுப்பினதைப் போன்ல பாத்து வாசிச்சா. நான் தட்டினேன். கறுப்பு ஸ்கிரீன், வெள்ளை எழுத்து. ஒவ்வொரு வரிக்கும் முன்னால 'சூடோ', 'சூடோ'ன்னு வருது. "எதைங்க முதல்ல சூடு பண்ணணும்?"னு கேக்கா. விவரம் தெரியாதவ. சூடோன்னா, பெரிய அதிகாரி வந்திருக்கேன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லுதது. அதைப் போடாம அடிச்சா 'அனுமதி இல்லை'ங்கு. என் வீடு, என் கம்ப்யூட்டர், என் கரண்டு. எனக்கு அனுமதி இல்லையாம்!

ஒரு இடத்துல மாட்டிக்கிட்டு நின்னுட்டு. என்ன தட்டினாலும் தப்பு, தப்புன்னே வருது. வடிவு எட்டிப் பாத்துட்டு, "ஏங்க, இதுல ரெண்டு கோடு இருக்கு. நீங்க ஒரு கோடுதான் போட்டிருக்கீங்க"ன்னா. "கோட்டுக்கும் வேலைக்கும் என்னளா சம்பந்தம்?"னு ஒரு சத்தம் போட்டேன். தப்பு எங்க இருக்குன்னு எங்கெல்லாமோ தேடினேன். கடைசியில, போனாப் போகுது, பொம்பளை சொல்லுதாளேன்னு ரெண்டு கோடு போட்டேன். கடகடன்னு ஓட ஆரம்பிச்சுட்டு. அது சரியாகிற நேரம் வந்திருந்துச்சு, அவ்வளவுதான்.

முதல் வாரம் ஒரு சின்னத் தொந்தரவு. வடிவு தோசைக்கு மாவு ஆட்டினா வெப்சைட் நின்னுரும். கிரைண்டரும் கம்ப்யூட்டரும் ஒரே பிளக்குல இருந்திருக்கு. நான் சாஃப்ட்வேர்லதான் கோளாறுன்னு ரெண்டு தடவை எல்லாத்தையும் அழிச்சு முதல்ல இருந்து போட்டேன். அவ பிளக்கை மாத்திச் சொருகிட்டா. அதையும் நானே மாத்தியிருப்பேன், அவ முந்திக்கிட்டா.

சரி, வெப்சைட் ஓடுது. யாரு வாராங்க, எத்தனை பேரு வாராங்கன்னு தெரிய வேண்டாமா? மீட்டர் இல்லாத லைன் உண்டா? அதுக்குன்னு ஒரு டாஷ்போர்டு இருக்கு, அதையும் நம்ம கம்ப்யூட்டர்லயே போட்டுக்கிடலாம்னு நாயகி சொன்னா. போட்டேன். அன்னைக்குத் திறந்து பாத்தவன்தான், இன்னை வரைக்கும் மூடல. ஒரு பக்கம் கோடு ஏறுது, இறங்குது. ஒரு பக்கம் உலக மேப்பு. எந்த ஊர்ல இருந்து வந்தாங்க, எந்தப் பக்கத்தைப் படிச்சாங்க, எவ்வளவு நேரம் இருந்தாங்க, அத்தனையும் சொல்லுது.

சொதிக்கு மட்டும் சிங்கப்பூரு, தோஹா, மெல்போர்ன்னு வந்து குமியுதாங்க. வடிவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பாத்தா. "இவ்வளவு பேருமா பசியோட இருக்காங்க?"ன்னுட்டு உள்ள போயிட்டா.

எனக்கு ஒண்ணும் பொறாமை இல்ல. அதைச் சொல்லிருதேன். ஆனா இவ்வளவு ஜனம் வந்து போற இடத்துல, சமையலை விட உபயோகமா ஏதாவது இருந்தா நாட்டுக்கு நல்லதுல்லா? அதனால அதே வெப்சைட்ல நானும் ஒரு தொடர் எழுத ஆரம்பிச்சேன். 'மணியோசையும் மனித ஓசையும்: ஒரு தொலைபேசி ஊழியரின் அனுபவங்கள்.' தலைப்பு எப்படி? ம்... நீங்க தண்ணி குடிக்கீங்களா?

முதல் அத்தியாயத்துக்குச் சொந்தக்காரங்க எல்லாருக்கும் போன் போட்டுப் படிக்கச் சொன்னேன். வந்தாங்க. ஆனா டாஷ்போர்டு இருக்கே, அது நேரத்தைக் காட்டிக் குடுத்துரும். ஒருத்தர் பத்து செகண்டு, ஒருத்தர் எட்டு செகண்டு. என் மச்சினன் மூணே செகண்டு. அவன் போன்ல என்ன சொன்னான் தெரியுமா? "அத்தான், படிச்சு முடிக்கும்போது கண்ணுல தண்ணி வந்துட்டு." மூணு செகண்டுல! அன்னையில இருந்து அவன்கூட எனக்குப் பேச்சு கொஞ்சம் கம்மி.

ரெண்டாவது அத்தியாயத்துக்கு வந்தது ரெண்டே பேரு. ஒருத்தருக்கு ஊர் போடல. அது நான்தான். அரங்குவீட்டுல அந்தக் கம்ப்யூட்டர்லயே திறந்து பாத்தா அதுக்கு ஊர் கிடையாதாம். இன்னொருத்தர், சேலம்.

சேலத்துல எனக்கு ஒரு ஈ காக்காயைத் தெரியாது. ஆனா அந்த மனுஷன் அரைமணி நேரம் இருந்திருக்காரு தம்பி, என் எழுத்துல! மூணாவது அத்தியாயம், மறுபடியும் சேலம். நாலாவது, சேலம். மத்தியானம் சாப்பாட்டு நேரம் முடிஞ்சு ஒரு அமைதியான வேளை இருக்கும் பாருங்க, அப்ப வருவாரு. வந்தா லேசுல போக மாட்டாரு.

எனக்கு அவரைக் கண்ணு முன்னால பாத்த மாதிரி ஆயிட்டு. ரிட்டயர் ஆன தமிழ் வாத்தியார். ஒல்லியா, உசரமா இருப்பாரு. பொம்பளைப் பிள்ளைக ரெண்டையும் கட்டிக் குடுத்துட்டாரு. சாப்பிட்டுட்டு, கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு, வரிக்கு வரி ருசிச்சுப் படிக்காரு. "அவருக்குப் பொம்பளைப் பிள்ளைகன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"னு வடிவு கேட்டா. "படிக்கிற பொறுமையைப் பாத்தாலே தெரியுதுல்லா?"ன்னேன். "உனக்கு வாரவங்க அளவு பாத்துட்டு ஓடிருதாங்க. எனக்கு ஒருத்தர்தான், ஆனா நின்னு படிக்காரு"ன்னும் சொன்னேன். அவ புளி கரைக்கப் போயிட்டா. மறுத்துப் பேச அவளுக்கு என்ன இருக்கு?

அப்புறம் நான் எழுதினது எல்லாம் அவருக்காகத்தான். ஆறாவது அத்தியாயம் ஆலங்குளத்துல புயலடிச்சுக் கம்பம் சாஞ்சப்ப, நான் மழையோட மழையா மேல ஏறி லைனைச் சரி பண்ணின கதை. அதுல 'சேலத்து மாம்பழம் போல இனிக்கும் நட்பு'ன்னு ஒரு வரி சேத்தேன். அவருக்குப் புரியட்டும்னுதான். பதில் ஒண்ணும் வரல. உண்மையான வாசகன் கடுதாசி போட்டுக்கிட்டு இருக்க மாட்டான்.

இப்படி நல்லாப் போய்க்கிட்டு இருக்கும்போதுதான், தீபாவளிக்கு முன்னால, புது வெர்ஷன் வந்திருக்கு, அப்டேட் பண்ணுங்கன்னு டாஷ்போர்டுல ஒரு மஞ்சள் பட்டை வந்துச்சு. "அப்பா, தொடாதீங்க. முதல்ல ஒரு காப்பி எடுத்து வச்சுக்கிடணும். நான் லீவுக்கு வந்து பண்ணுதேன்"னா நாயகி. காப்பியாம்! ஓடுற லைனை நிறுத்தாம கேபிள் மாத்தின கை இது. அப்டேட்டை அமுக்கினேன்.

டாஷ்போர்டு போச்சு. வெப்சைட்டும் சேந்து போச்சு. வெள்ளை ஸ்கிரீன்ல ஒரே ஒரு வரி, அதுவும் இங்கிலீஷ்ல, என்னைத் திட்டுத மாதிரி.

எந்த நேரம் பாத்தீங்கல்லா? தீபாவளி லேகியம் கிண்டுத நேரம். பஹ்ரைன்ல ஒரு பொண்ணு அடுப்புல உருளியை வச்சுட்டு, கருப்பட்டி எவ்வளவுன்னு பாக்கப் போனா பக்கமே இல்ல. வடிவு போன் நம்பரு அவளுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு. கூப்பிட்டுட்டா. அவ பத்துப் பேருக்கு நம்பரைக் குடுக்க, அவங்க பத்துப் பேருக்குக் குடுக்க, போன் ஓயல. "ஆமாம்மா, இஞ்சிச் சாறு தெளிஞ்சதும் அடியில வெள்ளையா நிக்கும்லா, அதை விட்டுரணும்... நீ யாரும்மா, துபாயா? அடுப்பைக் குறைச்சு வை..." இவ ஒரு கையில போனும் ஒரு கையில கரண்டியுமா நிக்கா. எனக்கு எங்க பழைய எக்ஸ்சேஞ்ச்ல வந்து நிக்குத மாதிரி இருந்துச்சு.

நான் அரங்குவீட்டுல போராடிக்கிட்டு இருந்தேன். சூடோ போட்டுப் பாத்தேன். ரெண்டு கோடு போட்டேன், மூணு கோடு கூடப் போட்டுப் பாத்தேன். ஒண்ணும் நடக்கல. மறுநாள் காலையில வடிவு வந்து, வெந்தய டப்பாவைத் திறந்து, உள்ள இருந்து ஒரு பென் டிரைவை எடுத்தா. "நாயகி சொல்லிக் குடுத்தா, வெள்ளிக்கிழமை தோறும் இதுல ஒரு காப்பி எடுத்து வச்சிருவேன்"ங்கா. நாயகியைப் போன்ல வச்சுக்கிட்டு அவ பாட்டுக்குத் தட்டினா. மத்தியானத்துக்குள்ள எல்லாம் திரும்பி வந்துட்டு, புது வெர்ஷனும் ஏறிட்டு. வெந்தய வாடையோட. பெரிய வேலையெல்லாம் நான் ஏற்கெனவே முடிச்சு வச்சிருந்தேன். அவ அந்தக் குச்சியைச் சொருகினா, அவ்வளவுதான்.

புது வெர்ஷன் நல்லாத்தான் இருந்துச்சு. செட்டிங்ஸ்ல புதுசா ஒரு கட்டம்: 'உங்கள் வீட்டிலிருந்து வருபவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.' நம்ம சைட்டை நாமளே திறந்து திறந்து பாத்தா எண்ணிக்கை பொய்யாக் கூடும், அதனால அதை டிக் பண்ணிரணும்னு நாயகி சொன்னா. எனக்கு உடனே வடிவு ஞாபகம்தான். அவ போன்ல அவ பக்கத்தையே தட்டிக்கிட்டு இருப்பா. இன்னைக்குத் தெரிஞ்சுரும் வண்டவாளம்னு டிக் பண்ணினேன்.

வடிவு கணக்குல நாலு குறைஞ்சுது. ஆயிரத்துல நாலு.

என் கணக்குல சேலம் காணோம்.

மறுநாளும் காணோம். அதுக்கு மறுநாளும் காணோம். ஒன்பதாவது அத்தியாயம், நான் எழுதினதுலயே நல்ல அத்தியாயம், ஒரு ஆள் வரல. எனக்குச் சோறு இறங்கல தம்பி. வயசானவரு. மத்தியானம் தவறாம வாரவரு. என்ன ஆச்சோ? பொம்பளைப் பிள்ளைக ரெண்டும் தூரத்துல இருக்கு. பக்கத்துல யாரு இருக்காங்களோ? வடிவுகிட்ட சொன்னேன். "ஏங்க, அப்ப கோயிலுக்குப் போய் ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வந்திருவோம்"னா.

போனோம். பட்டர் தட்டை வாங்கிக்கிட்டு, "பேரு, நட்சத்திரம்?"னாரு. "சேலம்"னேன். "அது ஊராச்சே, பேரைச் சொல்லுங்க." "பேரு தெரியாது." "உங்களுக்கு என்ன வேணும் அவரு?" "வாசகர்." என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. "சரி, சுவாமி பேருக்கே பண்ணிருதேன்"ன்னு உள்ள போயிட்டாரு. வடிவு கண்ணை மூடி, உருகி நிக்கா. "யாரு பெத்த பிள்ளையோ, நோய் நொடி இல்லாம நல்லா இருக்கணும்"னு வாய்விட்டுச் சொல்லிக் கும்பிட்டா. எனக்கே மனசு ஒரு மாதிரி ஆயிட்டு.

வீட்டுக்கு வந்ததும் நாயகிக்குப் போன் போட்டேன். சேலம் பேப்பர்ல இறந்தவங்க விவரம் பாக்க முடியுமான்னு கேட்டேன். அவ முதல்ல விழுந்து விழுந்து சிரிச்சா. அப்புறம் சொன்னா: "அப்பா, அந்த டாஷ்போர்டுக்கு ஊரெல்லாம் தெரியாது. லைன் நம்பரை வச்சு உத்தேசமா ஒரு ஊரைச் சொல்லும். நம்ம வீட்டு லைனை அது சேலம்னு நினைச்சுக்கிட்டு இருக்கு. நீங்க வீட்டு ஆளுகளைச் சேர்க்காதேன்னு டிக் பண்ணினதும் சேலம் போயிட்டு."

எனக்குக் கோவம்னா கோவம். எங்க காலத்துல திருநெல்வேலின்னா 0462. அந்த நம்பரை வச்சுக்கிட்டு ஒருத்தன் சேலத்துக்காரன்னு சொல்லிர முடியுமா? ஊர் பேரு என்ன, உத்தேசமாச் சொல்லக்கூடிய விஷயமா? அவளைப் பிடிச்சு நல்லா ஏசினேன். ஏசி முடிச்சுப் போனை வச்சப்புறம்தான் உறைச்சுது. எங்க வீட்டுல இருக்கிறது ரெண்டே பேரு. ஊர் இல்லாத ஆளு நான்.

ரூம்ல போய்ப் பாத்தேன். வடிவு சாப்பிட்டுட்டுப் படுத்திருக்கா. போனு நெஞ்சு மேல கிடக்கு. சமைக்கும்போது பாக்கணும்னு ஸ்கிரீன் அணையாம வச்சிருப்பா. குனிஞ்சு பாத்தா, என் ஒன்பதாவது அத்தியாயம். இவ குறட்டை விட்டுத் தூங்குதா.

எழுப்பிட்டேன். "ஏளா, நீதான் சேலமா?"

"என்ன சேலம்?"

"என் தொடரை நீயா படிக்கே?"

"ஆமா, படிக்கேன். அதுக்கு எதுக்கு எழுப்புதீங்க?"

"அரைமணி நேரமா படிக்கே?"

"அரைமணி நேரம் எங்க? ரெண்டு பத்தி படிப்பேன், கண்ணைச் சொருகிரும். எந்திரிச்சு மிச்சத்தைப் படிச்சிட்டுத்தான் காபி போடப் போவேன். நாயகி புனேக்குப் போனதுல இருந்து மாத்திரை போட்டுத்தானே தூங்கிக்கிட்டு இருந்தேன்? நீங்க எழுத ஆரம்பிச்சப்புறம் மாத்திரையே வேண்டியதில்ல."

இதை எப்படி எடுத்துக்கிடுததுன்னு எனக்குத் தெரியல. ஒரு எழுத்தாளன்கிட்ட சொல்லுத வார்த்தையா இது? அவ எந்திரிச்சு உக்காந்து கொண்டையைப் போட்டுக்கிட்டே சொல்லுதா:

"ஆனா அந்த ஆறாவதுல ஆலங்குளம்னு எழுதியிருக்கீங்க. அது அம்பாசமுத்திரம். நாயகி அப்ப என் வயித்துல. நீங்க சாப்பிடாமப் போயிட்டீங்கன்னு தூக்குவாளியை எடுத்துக்கிட்டு வந்தேன். நீங்க கம்பத்து மேல. கீழ வயர்ப்பெட்டி நனைஞ்சிரக் கூடாதுன்னு நான்தான் அது மேல குடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அதை எழுதவே இல்லையே?"

"அது தொழில்நுட்பக் கட்டுரைளா. அதுல குடைக்கு என்ன வேலை?"

"மாம்பழத்துக்கு இருக்கு, குடைக்கு இல்லையோ?"

சொல்லிட்டு அவ பாட்டுக்குக் காபி போடப் போயிட்டா. சண்டை போட்டிருந்தா நானும் ரெண்டு போட்டிருப்பேன். நான் அரங்குவீட்டுல போய் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தேன். ஆறாவது அத்தியாயத்தைத் திறந்து ஆலங்குளத்தை அம்பாசமுத்திரம் ஆக்கினேன். 'ஒருவர் குடை பிடித்தார்'னு ஒரு வரி சேத்தேன். படிச்சுப் பாத்தேன். நல்லா இல்ல. 'என் மனைவி வடிவு குடை பிடித்தாள்'னு மாத்தினேன். அதுவும் பத்தல, எழுத எழுத அந்த அத்தியாயம் இன்னொரு பக்கம் நீண்டுட்டு. அப்புறம் செட்டிங்ஸுக்குப் போய் அந்தக் கட்டத்துல இருந்த டிக்கை எடுத்துட்டேன். யாருகிட்டயும் சொல்லல. நாயகிகிட்டயும் சொல்லல.

மறுநாள் மத்தியானம் சேலம் வந்துட்டாரு. ஆறாவது அத்தியாயத்துக்குத்தான் வந்தாரு. அன்னைக்கு முக்கால் மணி நேரம் இருந்தாரு தம்பி. நான் போய் எட்டிப் பாக்கேன், அவ தூங்கவே இல்ல.

இப்ப சொல்லுங்க. உங்க லைனைப் போட்டா நம்பரு மாறிரும். நம்பரு மாறினா ஊர் மாறிரும். அதுக்குத்தான் கேக்கேன், எந்த ஊர் காட்டும்? தெரியாதா? உங்களுக்கே தெரியாதா? ஈரோடும் வரலாம், மதுரையும் வரலாம்ங்கீங்களா? ம்.

அந்தா, கேட்டைத் திறக்கா. வந்துட்டா. இந்தப் பழைய லைன்ல அவ படம் ஒண்ணு வெப்சைட்ல ஏறுததுக்குள்ள அடுப்புல வச்சது ஆறிப் போகுதுன்னு வருத்தப்படுதா. நியாயம்தான். கார்த்திகை வருது, கொழுக்கட்டை கேட்டு நிப்பாங்க உலகம் பூரா. சரி, போடுங்க. பழைய வயரை வெட்டிருங்க. ஆனா போட்டு முடிச்சதும் என்கூட அரங்குவீட்டுக்கு வந்து, என்ன ஊர்னு ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிருங்க. பன்னிரண்டாவது அத்தியாயத்தை 'அன்புள்ள சேலத்து நண்பருக்கு'ன்னு ஆரம்பிச்சு வச்சிருக்கேன், ஊரை மட்டும் மாத்திக்கிடணும். எந்த ஊரானாலும் சரி. மெட்ராஸ் மட்டும் வராமப் பாத்துக்கிடுங்க. அங்க உள்ளவங்க நின்னு படிக்க மாட்டாங்க.